கல்லுடைக்கும் இயந்திரம்: பயனும் பாதுகாப்பும்

(லகாட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



நமது லகாட் வட்டாரம் இருவகைக் கற்களுக்கு இடையே அமைந்துள்ளது. மேற்கே உயர்ந்து நிற்கும் கிளேடாங் மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. கிழக்கே ஈப்போவைச் சூழ்ந்துள்ள குன்றுகள் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வேறு தொழில்களை நாடும் காலம் இது. கல் குவாரிக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் அங்குள்ள இயந்திரத்தின் இயல்பை அறிந்து செல்வது நலம்.

முற்காலத்தில் சாலைக்கும் இருப்புப் பாதைக்கும் வேண்டிய சல்லியைத் தொழிலாளர்கள் சம்மட்டி கொண்டு உடைத்தனர். அமெரிக்காவில் சாலைப் பணியொன்றை மேற்பார்வையிட்ட எலை விட்னி பிளேக் என்பவர், கையால் கல்லுடைப்பதில் வீணாகும் உழைப்பைக் கண்டு, கல்லுடைக்கும் இயந்திரத்தை உருவாக்கி 1858-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்றைய தாடை இயந்திரங்களுக்கு அதுவே முன்னோடி.

அது பாக்குவெட்டியைப் போன்றது. ஓர் எஃகுத் தகடு அசையாது நிற்கும். மற்றொன்று முன்னும் பின்னும் அசையும். மேலே அகன்றும் கீழே குறுகியும் உள்ள வாயில் விழும் பாறை, தகடு நெருங்கும்போது நொறுங்கும், விலகும்போது கீழிறங்கும். அடுத்து வரும் கூம்பு இயந்திரமோ ஆட்டுக்கல்லை ஒத்தது. குழவி போன்ற கூம்பு ஒருபக்கம் சாய்ந்து சுழன்று கல்லை மேலும் சிறிதாக்கும். பின்னர்ச் சல்லடைகள் கற்களை அளவுவாரியாகப் பிரிக்கும். ரப்பர்ப் பாளம் உருட்டும் இயந்திரத்தில் உருளைகளின் இடைவெளி பாளத்தின் கனத்தை முடிவு செய்வதுபோல, இங்கும் அடிவாயின் இடைவெளியே சல்லியின் அளவை முடிவு செய்கிறது.

காங்கிரீட்டின் கன அளவில் ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காடு வரை சல்லியும் மணலுமே ஆகும். தார்ச்சாலைக்கும் இருப்புப் பாதைக்கும் சல்லி இன்றியமையாதது. நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு அரைத்து, ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டே சிமெண்டு செய்கின்றனர். சுரங்கத் தொழிலிலும் இதற்கு இடமுண்டு. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் பெரும்பாலும் மண்ணோடும் மணலோடும் கலந்து கிடந்ததால், அதை நீரால் கழுவியே பிரித்தெடுத்தனர். பகாங் மாநிலத்துச் சுங்கை லெம்பிங்கிலோ ஈயம் பாறைக்குள் இருந்தது. பாறையை நொறுக்கிய பின்னரே அதைப் பிரிக்க முடிந்தது.

அன்பர்களே, இவ்வளவு பயன் தரும் இயந்திரத்தோடு தூசியும் பிறக்கிறது. கருங்கல்லில் படிகச் சிலிக்கா மிகுதி. கண்ணுக்குப் புலப்படாத அதன் நுண்துகள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அந்நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. அது காசநோய்க்கும் வழி திறந்துவிடும். 1997-ஆம் ஆண்டில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றுள் சேர்த்தது. பல ஆண்டுகள் கழித்தே நோய் வெளிப்படுவதால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று இளைஞர் எண்ணிவிடலாகாது.

ஆகவே, கல் உடைபடும் இடத்திலும் கொட்டும் இடத்திலும் நீர் தெளிக்க வேண்டும். நுண்தூசியைத் தடுக்கும் தரமான முகக்கவசம் அணிய வேண்டும், கைக்குட்டை போதாது. வேலை உடையை வீட்டில் உதறினால் குழந்தைகளும் அத்தூசியைச் சுவாசிப்பர். இயந்திர வாயில் கல் சிக்கினால், மின்சாரத்தை முற்றாகத் துண்டித்த பின்னரே அருகில் செல்ல வேண்டும்.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இப்பொறுப்பை முதலாளி மீது சுமத்துகிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து நேரும் என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம் என்று அது கூறுகிறது. தொழில்வழி நோய் கண்டவர் சொக்சோவில் இழப்பீடு கோரலாம். எனவே, வேலை செய்த இடம், காலம் பற்றிய பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சம்மட்டியின் பாரத்தை இயந்திரம் தன் மேல் ஏற்றுக்கொண்டது. உயிர்மூச்சைக் காக்கும் பொறுப்பு மனிதரிடமே உள்ளது.