தெருவில் மூண்ட தீயும் தேர்தல் தீர்ப்பும்



1965 சனவரி 26, இந்தி நடுவணரசின் முதன்மை ஆட்சிமொழியாகக் குறிக்கப்பெற்ற நாள். அதற்கு முன்னாளே மதுரையில் மாணவர் கிளர்ச்சி மூண்டு தமிழகமெங்கும் பரவிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் காவலர் குண்டுக்கு இரையானான். சிவலிங்கமும் அரங்கநாதனும் தம்முடலைத் தாமே எரியூட்டி மாய்ந்தனர். நடுவண் அமைச்சர்களான சுப்பிரமணியமும் அளகேசனும் விலகல் மடல் தந்தனர். பின்னர்க் கிளர்ச்சி அடங்கிற்று. அடங்கியதை அவிந்ததென்று எண்ணினர் ஆளவந்தார்!

1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரை மாணவர் தலைவர் சீனிவாசன் 1,285 வாக்கு மிகுதியால் வென்றார். தி.மு.கழகம் 137 இடங்களைப் பெற்று ஆட்சி அமைத்தது.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. அத்தேர்தலிலும் காங்கிரசு நூற்றுக்கு நாற்பதின் மேல் வாக்குப் பெற்றது. எல்லாத் தொகுதியிலும் நில்லாத கழகத்தினும் அது சற்றே மிகுதி. அங்ஙனமாயின் வீழ்ந்தது எவ்வாறு? முன்பு சிதறிக் கிடந்த எதிர்ப்பு வாக்குகளைக் கூட்டணி ஒருங்கு கட்டிற்று. இராசாசியின் சுதந்திராக் கட்சியும், மார்க்சியப் பொதுவுடைமையரும், முசுலிம் லீக்கும் கழகத்தோடு நின்றனர். 1938-இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்திய இராசாசி இப்பக்கம். அன்று அதனை எதிர்த்துச் சிறை புகுந்த பெரியார் காமராசர் பக்கம்! அரிசித் தட்டுப்பாடும் இல்லங்கள்தோறும் வெகுளியை வளர்த்திருந்தது. மாணவர் ஊட்டிய உணர்வு இவற்றோடு சேர்ந்தே ஆட்சியை மாற்றிற்று.

1968 சனவரி 23-இல் சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் நிறைவேற்றியது. பள்ளிப் பாடத்தினின்று இந்தி நீங்கிற்று. ஆங்கிலம் நின்றது. உயர்கல்வியில் தமிழ் பயிற்றுமொழியாவதோ இன்றும் அரைகுறையே.