நடந்து பழகுவோம்

(தைப்பூச ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி இரதத்தைப் பின்தொடர்ந்து பத்துமலை சேர, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதன்பின் 272 படிகள். பழகாமற் சென்ற எளியேன், முன்னொரு தைப்பூசத்தில் கால் கொப்புளித்துப் பாதி வழியில் வண்டியேறினேன். நேர்த்தி நிறைவேறாத வருத்தமே என்னை லெம்பா பெர்த்தாம் தேயிலைச் சரிவுகளில் நடக்க வைத்தது.

வாரந்தோறும் சிறிது தூரம் கூட்டுங்கள். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கமோ முழங்காலைச் சோதிக்கும். ஆகவே சிற்றடி வைத்து இறங்குங்கள். மலைக்குளிரில் தாகம் தெரியாது; எனினும் நீர் அருந்துங்கள். பத்துமலையில் இக்குளிர் இராது; சில நாள் வெயிலேறிய பின்னும் நடந்து பழகுங்கள்.

நாளடைவில் நடையே இன்பமாயிற்று. விடியற்பனி விலக, தேயிலை நிரைகள் ஒவ்வொன்றாய்த் தெரியும். கீழே ஆற்றின் ஓசை கேட்கும். இதே சரிவுகளில் என் பாட்டியார் கூடை சுமந்து கூலிக்காக நடந்தார். மகிழ்ந்து நடக்கும் பேறு எனக்கு வாய்த்தது. சென்ற தைப்பூசத்தில் 272ஆம் படியில் கால் வைத்தபோது, முருகனுக்கு அடுத்து என் நினைவில் நின்றவர் அவரே.

நாளைக் காலை, ஆலய வாசலிலிருந்து அனைவரும் சேர்ந்து நடப்போம். வெற்றிவேல்!