தருமமா, வரியா?

(சுங்கை பட்டாணி கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செல்வர்கள் மனமுவந்து கொடுத்தால் வரி எதற்கு, அரசாங்க ஆஸ்பத்திரி எதற்கு என்று நம்மவரில் சிலரே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கொடுப்பவரை நாம் பழிக்கவில்லை. 2021இல் குனோங் ஜெராய் அடிவாரத்தில் வெள்ளம் புகுந்தபோது அரிசி மூட்டை சுமந்து வந்தவர்களை மறக்கிற கூட்டமல்ல நாம். ஆனால் அந்த அரிசியை நம்பி நாள்தோறும் உலை வைக்க முடியுமா?

நம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளைப் பாருங்கள். பல பள்ளிகள் பகுதி உதவி பெறுபவை, நிலம் தோட்டத்தாருடையது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கப் பணம், அதாவது வரிப் பணம். ரப்பர் விலை விழுந்தாலும் அது மாதாமாதம் வருகிறது. கூரையோ பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் தலையில். மானியம் வராத ஆண்டில் நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூலிம் கடைத்தெருவில் ஏறி இறங்குகிறோம். மேடை கட்டித் தர ஆள் உண்டு, தம் பெயர் பொறித்த வளைவு கட்டித் தரவும் ஆள் உண்டு. கக்கூஸ் கட்டித் தருகிறேன் என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை!

தருமத்தைப் புகழ்கிற தோட்ட முதலாளிகள் தங்களுக்குள் என்ன செய்துகொண்டார்கள் தெரியுமா? ஒரு தோட்டம் பணம் போட்டுத் தமிழ்நாட்டிலிருந்து ஆளைக் கொண்டுவரும். பக்கத்துத் தோட்டம் காசு செலவில்லாமல் அந்த ஆளை இழுத்துக்கொள்ளும். இந்தச் சண்டை பொறுக்காமல் 1907இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. ஆள் கொண்டுவந்தாலும் வராவிட்டாலும், தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளி நிதிக்குப் பணம் கட்டியே தீரவேண்டும். அந்தப் பணத்தில்தான் நம் பாட்டன்மார் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். துரைமார் ஒருவர் மனத்தை ஒருவர் நம்பாத காரியத்தில் நாம் மட்டும் நம்ப வேண்டுமாம்!

காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது ஊர்மக்கள் கொடுத்த அரிசியும் பருப்பும்தான் கைம்முதல். நல்ல மனத்துக்குக் குறைவில்லை. ஆனால் பசித்த பிள்ளைகள் அதிகமுள்ள ஊரில்தானே கொடுக்க வசதியுள்ளவர் குறைவு? விரைவிலேயே அரசாங்கமும் செலவில் பங்கேற்க வேண்டியதாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு அரசாங்கப் பணத்திலேயே பரவியது.

வரிப் பணம் முழுக்க நமக்கா வருகிறது என்பீர்கள். இல்லைதான், விரயமும் உண்டு, திருட்டும் உண்டு. அதைத் தட்டிக்கேட்க நம்மிடம் ஓட்டு இருக்கிறது. புரவலரிடம் கேட்க என்ன இருக்கிறது? அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிவிட்டு நாற்காலியில் உட்காருகிறோம். யார் வாசலிலும் கைகட்டி நிற்பதில்லை. அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்கச் சொல்வதுதான் இந்தப் பேச்சு.

பள்ளிக் கூரைக்காகக் கல்வி இலாகாவுக்கு மனு எழுதியாகிவிட்டது. நாளைக் காலை பெரட்டுக்களத்தில் கையெழுத்து வாங்குவோம். படிக்காத தாய்மார்கள் கைநாட்டு வைக்கலாம், மைப்பெட்டி கொண்டுவருகிறோம்.