விடுமுறையில் ஆசிரியர்க்கு ஒரு நூல்

தவணை முடிவில் ஆசிரியரின் தொண்டை மட்டுமன்று, உள்ளமும் வறண்டிருக்கும். கற்பித்தல் முறை நூல்களை மூடிவைத்துவிட்டு, ஜப்பானிய எழுத்தாளர் தெட்சுகோ குரோயாநாகி 1981இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்' நூலைப் படியுங்கள்.

முதற் பள்ளியினின்று விலக்கப்பட்ட சிறுமி அவர். டோக்கியோவில், புகைவண்டிப் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட டொமோயே பள்ளிக்கு வந்து சேர்கிறார். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளிலேயே எதிரே அமர்ந்து, ஏறத்தாழ நான்கு மணிநேரம் அச்சிறுமியின் பேச்சைக் கேட்கிறார். ஒரு கொட்டாவிதானும் இல்லை! நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் நான்கு மணிநேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமே. நான்கு நிமிடமேனும் கிட்டாதா?

ஆசிரியரின் பேச்சைக் கேட்பார் யார் என்பது வேறு வினா. படித்து முடித்ததும் நூலைச் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, ஒரு மாலைப் பொழுதில் அவருடன் உரையாடிப் பாருங்கள்.

1945இல் குண்டுவீச்சில் அப்பள்ளி எரிந்தது. அது எரிகையிலேயே, அடுத்த பள்ளியை எவ்வாறு கட்டலாமென்று கோபயாஷி தம் மகனிடம் வினவினாராம்.