ஆய்வுக்கூடத்து வாசலில் நம் பிள்ளைகள் எங்கே?

(திருச்சியில் கல்லூரி மாணவர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வுகள் பற்றியும் அதற்குக் கிடைக்கும் நிதி பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிய ஒரு மவ்லவிக்கு இதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். வேலை இருக்கிறது, கேளுங்கள்.

இங்கே பி.காம்., பி.பி.ஏ. படிக்கும் தம்பிகள் கையை உயர்த்துங்கள். (ஏராளமான கைகள் உயர்கின்றன.) எம்.ஏ., எம்.எஸ்ஸி. படிப்பவர்கள்? (சில கைகள்.) பிஎச்.டி. செய்பவர்கள்? மூன்று பேர். அதில் ஒருவர் ஒலிபெருக்கி பார்க்க வந்தவர் என்று நினைக்கிறேன்! (சிரிப்பு.)

இந்த மண்டபத்தின் நிலைமைதான் நாட்டின் நிலைமையும். 2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை என்ன சொன்னது? நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேர் பட்டமோ டிப்ளமோவோ பெற்றிருந்தார்கள். முஸ்லிம்களில் அது 4 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2021–22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் இருந்தவர்கள் மொத்தம் 4 கோடியே 33 லட்சம் பேர். நம்மவர்கள் ஏறத்தாழ 21 லட்சம். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாம் நூற்றுக்குப் பதினான்கு! பட்டப் படிப்பிலேயே இப்படி என்றால், அதற்கு மேல் இரண்டு படி ஏற வேண்டிய ஆய்வில் நம் இடம் என்னவாக இருக்கும்?

கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு

வணிகப் பெருமக்களே! "இன்னும் ஐந்து வருடம் படிக்கவைக்க வசதியில்லை மவ்லவி, துபாய்க்கு விசா வந்திருக்கிறது" என்று பெற்றோர் சொல்கிறார்கள். வளைகுடா நாடுகள் நம் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தவை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆய்வு என்பது பெற்றோர் பணம் கட்டிப் படிக்க வைக்கும் படிப்பு என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

யு.ஜி.சி.யின் 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்ற மாணவனுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அடுத்த மூன்று ஆண்டுகள் மாதம் 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொகை இது. கல்லாப்பெட்டிக் கணக்காகக் கூட்டிப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு 8 லட்சத்து 88 ஆயிரம். மூன்று ஆண்டுக்கு 15 லட்சத்து 12 ஆயிரம். ஆக 24 லட்சம். வீட்டு வாடகைப் படி தனி. கடன் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. இரண்டு தாள், 150 வினா, 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. முதுகலை இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம். அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு தனியாக இருக்கிறது. அரபி மொழிக்கும் நெட் உண்டு, 'அரபுப் பண்பாடும் இஸ்லாமியக் கல்வியும்' என்ற பாடத்துக்கும் உண்டு. ஆலிம் பட்டத்தோடு முறையான பல்கலைக்கழகப் பட்டமும் பெற்று எம்.ஏ. முடிக்கும் தம்பிகள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு சிரமத்தை மறைக்காமல் சொல்கிறேன். எல்லோருக்கும் பொதுவான முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்த பிள்ளை ஓராண்டாவது ஆங்கில வாசிப்பில் உழைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும்.

மூடப்பட்ட கதவும் திறந்திருக்கும் கதவும்

சிறுபான்மை மாணவர்களின் ஆய்வுக்கென்றே மவ்லானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2009-இல் தொடங்கப்பட்டது. சச்சார் அறிக்கையை அடுத்து வந்த திட்டங்களில் உருப்படியானது அது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு பதிலாக அதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். வேறு உதவித்தொகைத் திட்டங்களோடு ஒன்றுக்கொன்று பொருந்தி வருகிறதாம், அதனால் நிறுத்தமாம். ஏற்கெனவே பெற்று வந்தவர்களுக்குத் தொடரும் என்றார்கள். அவர்களும் 2025-இல் மாதக்கணக்கில் பணம் வராமல் தவித்ததை நாளேடுகள் எழுதின. இது அநீதி என்று அன்றும் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். கோரிக்கையைக் கைவிடப் போவதில்லை.

ஆனால் தம்பி, கோரிக்கை நிறைவேறும் வரை உன் வயது நிற்காது. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு இருக்கிறது. அதனால், "வேறு திட்டம் இருக்கிறது" என்று அவர்களே சொன்னார்கள் அல்லவா, அந்தத் திட்டங்களின் கதவைப் போய்த் தட்டுவோம்.

அதில் முக்கியமானது இதர பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை. நெட் எழுதியவர்களிலிருந்து ஆண்டுக்கு 1000 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழகத்தின் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் சமூகங்கள் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கின்றன. இருந்தும் என்ன? நம் பிள்ளைகளின் பெட்டியில் இருப்பது மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ். 2007-இல் கிடைத்த மூன்றரை சதவீத ஒதுக்கீட்டுக்கு அது செல்லும். டெல்லிக் கணக்குக்குச் செல்லாது! அங்கே கேட்பது மத்திய ஓ.பி.சி. சான்றிதழ், 'கிரீமிலேயர்' அல்லாதவர் என்ற குறிப்போடு. அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்து, காலம் முடிந்ததும் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு தாள் கையில் இல்லாததால் பொதுப்பிரிவில் விண்ணப்பித்துவிட்டு, சில மதிப்பெண்ணில் வாய்ப்பை இழக்கிறார்கள் நம் பிள்ளைகள். இந்தச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு வயது வரம்பில் ஐந்து ஆண்டு சலுகையும் உண்டு. வேதனையாக இருக்கிறது, சகோதரர்களே!

வியாபாரிகளே, இதில் உங்களுக்கும் ஒரு செய்தி. ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. கடை வருமானம் சேரும். வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் தணிக்கையாளரிடம் இதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் ஐந்து ஆண்டு சலுகை உண்டு. 2022-இல் வந்த பிஎச்.டி. விதிகளில் மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும், படிப்பை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டும் தந்திருக்கிறார்கள். "நிக்காஹ் ஆகிவிட்டால் படிப்பு நின்றுவிடுமே" என்று தயங்கும் தந்தைமார்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போதே இதைச் சொல்லிவிடலாமே!

முன்வரிசையில் போய் உட்காருங்கள்

நெட் எழுதும்போதுதான் ஆய்வைப் பற்றி நினைப்பது தாமதம். இளங்கலையிலேயே தொடங்க வேண்டும். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடை விடுமுறையில் இரண்டு மாதம் விஞ்ஞானிகளோடு வேலை செய்ய மாணவர்களை அழைக்கின்றன, உதவித்தொகையும் தருகின்றன. பெரும்பாலும் நவம்பரிலேயே விண்ணப்பக் காலம் முடிந்துவிடும். நம் பிள்ளைகள் மார்ச்சில் வந்து கேட்கிறார்கள். இறுதியாண்டு மாணவர்களின் திட்டப் பணிக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றமும் நிதி தருகிறது. தொகை சிறியதுதான். ஆனால் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிப் பழகிய கைக்கு அடுத்த விண்ணப்பம் பாரமாக இருக்காது.

பேராசிரியர்கள் அரசிடம் நிதி பெற்று நடத்தும் திட்டங்களுக்கு உதவியாளர் தேவை என்று துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். நேர்காணல் நாள் நெருக்கத்தில் இருக்கும். அந்தப் பலகைப் பக்கம் நம் பிள்ளைகள் போவதே இல்லை! ஒரு பேராசிரியரிடம் போய் "சார், ஏதாவது புராஜெக்ட் இருக்கா?" என்று கேட்காதே. 'சோத்கங்கா' தளத்தில் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கலாம். ஒன்றை வாசித்துவிட்டுப் போ. அதில் ஒரு சந்தேகம் கேள். அவர் உன்னை உட்காரச் சொல்வார்.

ஆய்வேட்டைப் பணத்துக்கு எழுதித் தரும் கடைகளும் இருக்கின்றன. அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள். பிறர் எழுதியதைப் படியெடுத்தால் கண்டுபிடித்துப் பட்டத்தையே பறிப்பார்கள். ஹராம் என்பது அதற்கு முந்தைய பேச்சு.

கடைக்கு வரும் கேள்வித்தாள்

இனி, ஆய்வின் மறுபக்கம். கையில் கேள்வித்தாளோடு ஒரு மாணவி கடைக்கு வருகிறாள். "சிறுவணிகர்கள் பற்றி ஆய்வு செய்கிறேன் பாய், பத்து நிமிடம் கிடைக்குமா?" என்கிறாள். நாம் என்ன செய்கிறோம்? "இன்கம்டாக்ஸ் ஆளாக இருக்குமோ" என்று விரட்டுகிறோம். பிறகு ஏட்டில் நம் நிலை வருவதில்லை, வந்தால் தப்பும் தவறுமாக வருகிறது. சச்சார் குழு பேசியது எதை வைத்து? கணக்கெடுப்பில் யாரோ கேட்டு, யாரோ சொன்ன பதிலை வைத்துத்தானே! ஆய்வில் கேட்பவரும் நாமில்லை, பதில் சொல்பவரும் நாமில்லை என்றால் நம் குறையை எந்த அரசிடம் எந்த எண்ணை வைத்து எடுத்துரைப்பது?

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் வேண்டாம். எந்தப் பல்கலைக்கழகம், வழிகாட்டி யார், என் பெயர் வெளியே வருமா என்று கேளுங்கள். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். இரத்தம் எடுக்கும் மருத்துவ ஆய்வு என்றால் இன்னும் கவனம் தேவை. உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். நன்னெறிக் குழு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் விலகிக் கொள்ளலாம், விலகினால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. புதிய மருந்துப் பரிசோதனையில் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன.

ஆய்வு நம் தொழிலுக்கு அந்நியமா? வாழை வியாபாரம் செய்யும் சகோதரர்கள் இங்கே இருக்கிறீர்கள். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நம் திருச்சியில்தான் இருக்கிறது. எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறீர்கள்? ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலை எடுத்துக் கொள்ளுங்கள். தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பு அந்தத் தொழிலையே உலுக்கியது. கழிவுநீரைக் குறைக்கும் வழிக்கு எங்கே போய் நின்றோம்? சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில்தான். தண்ணீர் சேர்க்காமல் குரோம் பதனிடும் முறையை உருவாக்கியது அந்த ஆய்வுக்கூடம்.

நம் வரலாற்றின் கதையும் இதுதான். முழுமையாகக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் பழமையான 'ஆயிர மசலா' 1572-இல் எழுதப்பட்டது. அந்த மசலாக் கதை தமிழிலும் மலாயிலும் ஜாவா மொழியிலும் எப்படிப் பரவியது என்று ஒப்பிட்டு 2011-இல் ஒரு நூல் வந்தது. எழுதியவர் ரோனித் ரிச்சி என்ற வெளிநாட்டுப் பேராசிரியை, வெளியிட்டது சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம். அவருடைய உழைப்பைப் பாராட்டுகிறேன். அரபுத் தமிழ் பற்றி தைக்கா ஷுஐப் ஆலிம் அவர்கள் 1993-இல் பெரும் நூல் தந்தார்கள். அதன் பிறகு அந்த வரிசையில் நம்மவர் எத்தனை பேர்? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பரண்மேல் கிடக்கும் அரபுத் தமிழ் ஏடுகளைப் படிக்க அரபியும் தமிழும் தெரிந்தவன் வேண்டும். அது மதரஸாவில் ஓதியவன்தானே!

முதல் ஆறு மாதம்

கடைசியாகத் தனவந்தர்களிடம் ஒரு வேண்டுகோள். உதவித்தொகை கிடைத்துவிட்டது என்றால் அடுத்த மாதமே பணம் வந்துவிடாது. சேர்க்கை, சான்றிதழ் சரிபார்ப்பு, துறைத்தலைவர் கையொப்பம், இணையப் பதிவு என்று மாதங்கள் ஓடும். விடுதிக் கட்டணம் காத்திருக்காது. ஏழைப் பிள்ளை இந்த இடைவெளியில்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறான்.

மாதம் பத்தாயிரம் வீதம் ஆறு மாதத்துக்கு ஒரு மாணவனுக்கு 60,000 ரூபாய். பத்து மாணவர்களுக்கு 6 லட்சம். அழகிய கடனாகக் கொடுங்கள். நிலுவை மொத்தமாக வந்ததும் அவன் திருப்பித் தந்துவிடுவான், அதே பணம் அடுத்த பத்துப் பேருக்குப் போகும். ஜகாத் வாங்கத் தகுதியுள்ள ஏழை என்றால் ஜகாத்திலிருந்தே கொடுக்கலாம், திருப்பிக் கேட்க வேண்டாம். அறக்கட்டளை வைத்து வங்கி வட்டியில் நடத்தலாமா என்று ஒருவர் கேட்டார். வட்டி வேண்டாம் சகோதரரே, உங்கள் கடைகளில் ஒன்றின் வாடகையை இதற்கென்று ஒதுக்குங்கள், போதும்.

மஃரிபுக்குப் பிறகு வாசலில் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். ஒன்றில் மத்திய ஓ.பி.சி. சான்றிதழுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று சொல்லி விண்ணப்பம் நிரப்பித் தருவார்கள். ரேஷன் கார்டு நகலும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் கொண்டு வந்தவர்கள் அங்கே போங்கள். கொண்டு வராதவர்கள் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். மற்ற மேசை கடன் கொடுப்பவர்களுக்கு. அந்த மேசையில் கூட்டம் எப்படி என்று நான் வந்து பார்ப்பேன். வஸ்ஸலாம்.