பார்த்தால் தெரியவில்லையே!

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பார்த்தா தெரியலையே!" ஆங்கிலம் பேசும், நன்றாக உடுத்தும் தலித் மாணவரிடம் இதைப் பாராட்டுப் போலச் சொல்வார்கள். என்னோடு ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வசிக்கும் தோழி இதை இரண்டு காரணங்களுக்காகக் கேட்கிறார். ஒன்று சாதி, இன்னொன்று நோய்.

அவருக்கு முடக்குவாதம். உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காது. வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை; மறுநாள் குமட்டலும் அசதியும். அதே தோழர் மாலையில் கருத்தரங்கில் பேசும்போது பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால் விடுப்புக் கேட்டால் சந்தேகம், நாற்காலி கேட்டால் சிரிப்பு. "எதுக்கெடுத்தாலும் சலுகையா?" என்கிறார்கள். இடஒதுக்கீட்டைப் பற்றி நாம் கேட்டுச் சலித்த அதே குரல்தான்.

அவருடைய அம்மா நாற்று நடும் கூலித் தொழிலாளி. அவருக்கும் கை மூட்டுகள் வீங்கின. "உழைச்ச உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நோயின் பெயர் தெரிந்தபோது விரல்கள் கோணிவிட்டன. இந்த நோய்க்குச் சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டுச் சேதத்தைப் பெருமளவு தடுக்கலாம். சில உடம்புகள் உழைக்கவே பிறந்தவை என்கிறது சாதி. அந்த உடம்பின் வலி நோயாகக் கணக்கில் வருவதில்லை.

சட்டத்தின் பார்வையும் இப்படித்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. முடக்குவாதம் அதில் பெயராக இல்லை. மூட்டுகள் சிதைந்து, ஊனம் 40 விழுக்காட்டைத் தொட்டால்தான் இடஒதுக்கீடு. பழங்குடி மக்களை அதிகம் பாதிக்கும் அரிவாள் செல் நோய் பட்டியலில் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பது 1952இலேயே பதிவானது. ஆனால் அரசு வேலைக்கான 4 விழுக்காடு ஒதுக்கீட்டில் அந்த நோய் சேர்க்கப்படவில்லை.

சட்டத்தைக் கேள்வி கேட்கும் நாம், இயக்கத்துக்குள் எப்படி இருக்கிறோம்?

கூட்டத்துக்கு வர முடியாத தோழரிடம் நாம் சொல்லும் கதைகளைப் பாருங்கள். பாபாசாகேப் நீரிழிவோடும் கால் நரம்பு வலியோடும் அரசமைப்புச் சட்டத்தை எழுதினார். பெரியார் சிறுநீர்க் குழாயோடு ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் ஆற்றிய இறுதிப் பேருரையில் வலியால் முனகிக்கொண்டே பேசினார். எல்லாம் உண்மை. ஆனால் "அய்யாவே வந்தாரே, உனக்கென்ன?" என்று கேட்கும்போது அவர்களுடைய வலியை இன்னொருவர் முதுகில் அடிக்கும் கோலாக்கிவிடுகிறோம்.

அவர்களால் எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1948 ஏப்ரலில் பாபாசாகேப் திருமணம் செய்துகொண்ட சவிதா ஒரு மருத்துவர். உணவு, ஊசி, மருந்து என எல்லாவற்றையும் அவர் கவனித்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956இல் எழுதிய முன்னுரையில் பாபாசாகேப் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். முதல் பதிப்பில் அந்த முன்னுரை இடம்பெறவில்லை. பாபாசாகேப் இறந்ததும் சவிதா மீது கொலைப்பழியே சுமத்தினார்கள். பெரியாரைப் பார்த்துக்கொண்ட மணியம்மையாரும் வசைக்குத் தப்பவில்லை. நோயைப் போலவே பராமரிப்பும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியும்போது பழிதான் வருகிறது.

ஆகவே சில வேலைகளை இன்றே தொடங்கலாம். நோய்க்கு ஆதாரம் கேட்காதீர்கள், "இன்னைக்கு எப்படி இருக்கு, நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். மஞ்சளும் யோகாவும் சிபாரிசு செய்யாதீர்கள். அவர்கள் அதையெல்லாம் நூறு முறை கேட்டுவிட்டார்கள். கடைசி நேரத்தில் வர முடியவில்லை என்றால் கோபித்துக்கொண்டு அடுத்த பட்டியலில் பெயரை எடுத்துவிடாதீர்கள். லிஃப்ட் இல்லாத மாடியில் கூட்டம் வைக்காதீர்கள். படுத்தபடி கட்டுரையைத் திருத்திக் கொடுப்பவரும் களத்தில்தான் இருக்கிறார்.

முக்கியமாக ஆண் தோழர்களுக்கு. அரசு மருத்துவமனையில் சீட்டுப் போட விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். இன்று அங்கே துணைக்கு நிற்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு மகள், ஒரு தோழி. அன்றைய கூலியை இழப்பதும் அவர்களே. போராட்டத்துக்கு யார் பதாகை எடுத்து வருவது என்று முறை வைத்துப் பட்டியல் போடத் தெரிந்த நமக்கு, இதற்கும் ஒரு பட்டியல் போடத் தெரியும். வரும் செவ்வாய் என் தோழிக்கு ரத்தப் பரிசோதனை. அன்று எனக்கு ஆய்வுக் குழுக் கூட்டம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் இங்கேயே நிற்பேன்; பெயர் கொடுக்க விரும்புபவர்கள் வாருங்கள்.