திரை கறுத்தால் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமல்ல

(அறக்கட்டளை அலுவலகத்தில் நடந்த மாணவர், பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைப் பற்றித்தான் பேசுவேன். இன்று லேப்டாப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். இவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் சந்தா பணத்தில் ஒரு தவறு நடந்தது. வவுச்சரில் கையெழுத்து என்னுடையது. அதனால்தான் நானே பேசுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பையன் கடைச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று எழுதியிருந்தது. அரசு கொடுத்த இலவச லேப்டாப். பணம் கொடுத்தோம், புது டிஸ்க் போட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பையன் மறுபடி வந்து வாசலிலேயே நின்றான். "அத்தா போட்டோ எல்லாம் பழைய டிஸ்க்லதான் இருந்துச்சு, மாமா" என்றான். அவன் அத்தா சிப்காட்டில் வேலை பார்த்து மௌத்தானவர். நானும் அவனும் கடைக்குப் போனோம். பழைய டிஸ்க் பழைய சாமான்காரரிடம் போய்விட்டிருந்தது.

டிஸ்க் கெட்டால் யார் என்ன செய்ய முடியும் என்று நானும் ஆறுதல் சொல்லி அனுப்பினேன். பிறகு ஒரு நாள், ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் நம் தம்பி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பையன் தன் போனில் எடுத்து வைத்திருந்த திரைப் படத்தை அவரிடம் காட்டினேன். கறுப்புத் திரையில் இரண்டே வரி. "எரர்: நோ சச் பார்ட்டிஷன்", அதன் கீழே "கிரப் ரெஸ்க்யூ". பார்த்தவுடனே அவர், "டிஸ்க் நல்லா இருந்திருக்கே, பாய்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. இதைத் தாய்மார்களும் கவனிக்க வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7. மற்றது பாஸ் லினக்ஸ். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது அது, தமிழிலும் வேலை செய்யும். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் போல. நானும் மதரஸாவில் கொஞ்சம், காலேஜில் கொஞ்சம் படித்தவன்தான். இரண்டும் என் தலைக்குள் சண்டை போடாமல் இருக்கின்றன. லேப்டாப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அதற்கு வாசலில் ஒரு வாட்ச்மேன் வேண்டும்.

அந்த வாட்ச்மேன் பெயர் கிரப். பவர் பட்டனை அழுத்தியதும் பயாஸ் எழுந்து டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். கிரப்பின் தலை மட்டும் அங்கே இருக்கும். மீதி உடம்பு லினக்ஸ் இருக்கும் பகுதிக்குள் இருக்கும். "எந்த வீட்டுக்குப் போகணும்?" என்று கேட்டு அனுப்புவது அதன் வேலை. நம் பிள்ளைகள் பலர் பாஸ் பக்கம் போனதே இல்லை. "இது எதற்கு, இடம் அடைக்கிறது" என்று விண்டோஸில் இருந்தபடியே அந்தப் பகுதியை யாராவது அழித்துவிடுவார்கள். வாட்ச்மேனின் உடம்பு போய்விட்டது, தலை மட்டும் வாசலில் கிடக்கிறது. அடுத்த முறை ஆன் செய்தால் அது தேடிப் பார்த்து, அப்படி ஒரு பகுதி இல்லை என்று சொல்லி நின்றுவிடும். விண்டோஸும் அத்தா போட்டோவும் உள்ளே அப்படியே இருக்கும், கதவைத் திறக்கத்தான் ஆள் இருக்காது.

கிரப் என்ற எழுத்து திரையில் வந்ததென்றால், அந்த எழுத்தே டிஸ்கிலிருந்து படிக்கப்பட்டுத்தான் வந்தது. முழுக்கச் செத்த டிஸ்க் அப்படிப் பேசாது. பயாஸில் டிஸ்கின் பெயரே காணவில்லை, அல்லது உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது என்றால் அது வேறு நோய். உடனே ஆஃப் செய்துவிட வேண்டும்.

கடைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. தெரியாமலும் இருந்திருக்கலாம். எனக்கும்தான் தெரியவில்லை, கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் அதே இரண்டு வரி மறுபடி வந்தது. அண்ணனுக்குக் கிடைத்த பழைய லேப்டாப்பைத் தங்கை பி.காம் ப்ராஜெக்டுக்கு வைத்திருக்கிறாள். ஒப்படைக்க நான்கு நாள்தான். அவள் அம்மா, "டிஸ்க் மாத்தணுமாம் பாய், ஏதாவது பண்ணுங்க" என்று வந்தார். இந்த முறை வவுச்சர் புத்தகத்தை நான் எடுக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். அவர் முதலில் ரிப்பேரே செய்யவில்லை. லினக்ஸ் போட்ட பென் டிரைவில் இருந்து மெஷினை எழுப்பினார். டிஸ்கில் எதையும் பதியாமல் 'டிரை' என்ற முறையில் திறந்தால் பைல்கள் எல்லாம் தெரிகின்றன. ப்ராஜெக்டை வேறொரு பென் டிரைவில் எடுத்து அவள் கையில் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலை. விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டு, இன்ஸ்டால் பட்டனைத் தொடாமல், ரிப்பேர் என்பதற்குள் போய், கமாண்ட் பிராம்ப்டில் "பூட்ரெக்", "ஃபிக்ஸ் எம்பிஆர்" என்று ஒரே வரி. வாசலில் விண்டோஸின் சொந்த வாட்ச்மேன் வந்து உட்கார்ந்துவிட்டார். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

நேர் மாறாகவும் நடக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அது தன் ஆளை வாசலில் வைத்துவிடும், அவருக்கு லினக்ஸைத் தெரியாது. லினக்ஸ் அழிந்துவிட்டது என்று அழ வேண்டாம். பென் டிரைவில் எழுப்பி, கிரப்பை மறுபடி நிறுவினால் போதும். இந்தக் கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புது மெஷின்களில் கதை கொஞ்சம் வேறு. 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு நின்றது. பழைய மெஷின் விண்டோஸ் 11ஐ ஏற்காததால், பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்லதுதான். இந்த மெஷின்கள் பெரும்பாலும் யுஇஎஃப்ஐ வகை. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் லினக்ஸ் காணவில்லையென்றால், முதலில் பூட் வரிசையைப் பாருங்கள். ஆன் செய்தவுடன் டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பட்டியலில் லினக்ஸ் பெயர் இருந்தால் அதை மேலே ஏற்றினால் போதும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், உலகம் முழுக்கப் பலருடைய லினக்ஸைத் திறக்க விடாமல் செய்தது. அப்போது அந்தப் பிள்ளைகள் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை.

செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 இருக்கும் பல லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போட்டிருக்கும். அமைப்பை மாற்றினால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடைக்காரர் தன் மெயிலில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால் சாவி அவரிடம்தான் போயிருக்கும். இன்றே போய்ப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் குழப்பம் ஒன்றும் உண்டு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரம் என்றும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்றும் எடுத்துக்கொள்வதால் வருவது. ஒரு பையன் அந்தக் கடிகாரத்தை நம்பி மஃரிபை விட்டுவிட்டதாகச் சொன்னான். பாங்கு காதில் விழவில்லையா என்று கேட்டேன், பதில் இல்லை. லினக்ஸில் ஒரு வரி கட்டளை போட்டால் இரண்டும் ஒத்துப்போகும். அதுவும் சுவரில் இருக்கிறது.

இனி ஹார்ட் டிஸ்க் மாற்ற உதவி கேட்டு வருகிறவர்கள் முதலில் திரையைப் படம் எடுத்து வாருங்கள். மெஷினை நம் தம்பி பார்த்த பிறகுதான் வவுச்சர் போடுவது என்று நிர்வாகக் குழுவில் முடிவெடுத்திருக்கிறோம். அப்படியும் டிஸ்க் மாற்ற நேர்ந்தால், பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவராதீர்கள், அது உங்கள் சொத்து. ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் தம்பி அலுவலகத்தில் இருப்பார், இன்ஷா அல்லாஹ். சார்ஜரையும் எடுத்து வாருங்கள். போன வாரம் மூன்று பேர் லேப்டாப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.